பெயிண்ட் கரையணும்ங்க, அதுக்குத்தான் காசு
(வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் ஒரு பதில்ல, கடல்ல நிக்கிற படகுக்கு அடியில பாசியும் கொட்டலசும் (பார்னக்கிள்னு சொல்ற, ஓடு போட்டு ஒட்டிக்கிற சின்னக் கடல் ஜீவி) ஒட்டாம இருக்க ஆன்டிஃபவுலிங்னு தனி பெயிண்ட் இருக்குது, சாதா இனாமல் அடிச்சா வேலைக்கு ஆகாதுன்னு ரெண்டு வரி எழுதிட்டேன். கடலே இல்லாத நம்ம பக்கத்துல இதுக்கு யாரு கடுதாசி போடப் போறாங்கன்னு பாத்தா, வந்து குமிஞ்சிடுச்சு. அதனால இந்த மாசம் முழுக்க இதேதான். போர்வெல் மோட்டார் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

அண்ணே, நானும் காலேஜ் ஃப்ரெண்டும் சேந்து சென்னையில பழைய 24 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒண்ணு வாங்கியிருக்கோம். எனக்கு இங்க லெதர் கெமிக்கல் கம்பெனியில வேலை, மாசத்துக்கு ஒருவாட்டி ரெண்டுவாட்டிதான் போய் ஓட்ட முடியும், மத்த நாளெல்லாம் தண்ணியில கட்டிக்கினு சும்மா கெடக்கும். கடையில ஹார்டு பெயிண்ட் வாங்கு, ரொம்ப நாள் வரும்ங்கறாங்க. அடி சுத்தம் பண்ற ஆளு அதெல்லாம் வாணாம், கரையற பெயிண்ட்தான் நல்லதுங்கறாரு. இன்னா வாங்கறது?
– ஆர்.எஸ்., ராணிப்பேட்டை

ரெண்டு பேரும் பொய் சொல்லல தம்பி. கடைக்காரர் "ரொம்ப நாள் வரும்"னு சொல்றது பெயிண்டோட தோலை. உங்களுக்கு வேண்டியது அந்தத் தோலுக்குள்ள இருக்கிற, கொட்டலசை விரட்டற செம்பு. ஹார்டு பெயிண்ட்ல செம்பு மேலாக்க இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சி தீந்துபோவும், தோல் மட்டும் அப்படியே நிக்கும், பாக்க நல்லாதான் இருக்கும், ஆனா கொட்டலசு அது மேலயே ஜம்முனு குடித்தனம் வெச்சிடும். அடுத்த வருஷம் அது மேல இன்னொரு கோட், அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணுன்னு ஏத்திக்கினே போனா ஒருநாள் பொரை பொரையா வெடிச்சு உரியும், அப்ப மொத்தத்தையும் சுரண்டி எடுக்கணும், அந்த வேலைய எதிரிக்கும் சொல்லமாட்டேன்.

செம்பு கரைஞ்சாதான் வேலை செய்யும்ங்கறது பழைய கதை. அந்தக் காலத்து மரக்கப்பலுக்கு அடியில செப்புத் தகடு அடிப்பாங்க. அது உப்புத்தண்ணியில அரிச்சிக்கினே போவுதேன்னு 1820கள்ல ஹம்ஃப்ரி டேவின்னு பெரிய விஞ்ஞானிய இங்கிலாந்து கடற்படை கூப்பிட்டாங்க. அவரு செம்போட இரும்புத் துண்டு, துத்தநாகத் துண்டு சேத்து வெச்சாரு, அரிப்பு நின்னுபோச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. கப்பல் கடலுக்குப் போய் திரும்பி வந்து பாத்தா அடியெல்லாம் பாசியும் சிப்பியும் அப்பிக்கெடக்குது. செம்பு கரையறது நின்னதும் அதோட விஷமும் நின்னுபோச்சு. கடைசியில அந்த ஏற்பாட்டையே தூக்கிட்டாங்க. ஆகவே பெயிண்ட் கரையுதேன்னு வருத்தப்படாதீங்க, அது கரையறதுக்குத்தான் காசு குடுக்கறோம்.

உங்க கேஸுக்கு நான் சொல்றது, கரையற பெயிண்ட்லயே செல்ஃப் பாலிஷிங் கோபாலிமர்னு டின்ல போட்டிருக்கறது. கரையறதுலயே ரெண்டு ஜாதி உண்டு. பழைய ஜாதி, படகு ஓடும்போது தண்ணி உரசி உரசித் தேயறது, உங்கள மாதிரி கட்டியே போட்டா அது மேல சத்து போன ஒரு பொரை உக்காந்துக்கும். கோபாலிமர் கடல்தண்ணியோட ரசாயனமா சேந்து தானா மெல்லக் கரையும், நின்னாலும் ஓரளவு வேலை நடக்கும். செம்போட ஜிங்க் பைரித்தியோன்னு ஒண்ணு சேத்திருந்தா இன்னும் நல்லது, கொட்டலசுக்கு செம்பு போதும், வழுவழுன்னு புடிக்கிற பாசிக்கு அது பத்தாது. குளிர்தேசத்துல ஆறு மாசம் கடல் தூங்கும், நம்ம சென்னைத் தண்ணி வருஷம் பூரா வெதுவெதுன்னு இருக்கறதால வளர்ச்சிக்கு லீவே கிடையாது, அதையும் கணக்குல வெச்சிக்குங்க. ஐப்பசி கார்த்திகை புயலுக்குப் பயந்து படகை கரையேத்தி வெக்கிறதா இருந்தாலும் இதான் வசதி. ஹார்டு பெயிண்ட் பலதும் காத்துல மாசக்கணக்கா காஞ்சா செத்துப்போவும், கோபாலிமர்ல பெரும்பாலானது மறுபடி தண்ணியில இறக்கினா முழிச்சிக்கும். டின்ல எத்தனை நாளைக்குள்ள இறக்கணும்னு போட்டிருப்பான், அதைப் படிங்க.

ஹார்டு யாருக்குன்னா, ரேஸ் ஓட்டறவங்களுக்கு, ஆளை வெச்சு அடியத் தேச்சுக்கினே இருக்கறவங்களுக்கு. நீங்க அந்த ஆளு இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குது. பழைய படகுன்னா அடியில ஏற்கெனவே என்ன பெயிண்ட் இருக்குதுன்னு பாக்கணும். ஈரத்துணிய வெச்சு நல்லா அழுத்தித் தேயுங்க, துணியில கலர் தாராளமா வந்தா கரையற ஜாதி, வரலன்னா பெரும்பாலும் ஹார்டு. ஹார்டு மேல கரையறது அடிக்கலாம், உப்புத்தாள் போட்டு சொரசொரப்பு பண்ணிட்டு. கரையறது மேல ஹார்டு அடிக்கவே கூடாது, அடியில இருக்கிறது எளகிட்டா மேல இருக்கிறது பாளம் பாளமா வந்துடும். எதுவுமே தெரியலன்னா நடுவுல, பழசையும் புதுசையும் ஒட்டவெக்கிற டை கோட் பிரைமர் ஒண்ணு போட்டுட்டு மேல போங்க.

உரிச்சுப் பாக்கும்போது ஃபைபர்ல கொப்புளம் கொப்புளமா இருந்து, குத்தினா புளிச்ச வினிகர் வாடையோட தண்ணி வந்தா, அது பெயிண்ட் பிரச்சனை இல்ல, ஃபைபருக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. அதைத் தொறந்து, நல்லா காயவெச்சு, அடைச்சு, தண்ணி உள்ள போவாம தடுக்கிற எப்பாக்ஸி பேரியர் கோட் போட்ட பிறகுதான் ஆன்டிஃபவுலிங். அவசரப்பட்டு மேல பெயிண்ட மூடிட்டீங்கன்னா கொப்புளம் உள்ளயே வளரும்.

சார், ராணிப்பேட்டை ஆர்.எஸ். உங்களுக்கு எழுதப்போறதா சொன்னாரு, நான்தான் அந்தப் படகுல பாதி பங்கு. அவரு அஞ்சு லிட்டர் பெயிண்ட் வேணும்ங்கறாரு. வெலைய கேட்டா தலைசுத்துது. நெசமாவே அவ்ளோ வேணுமா? அவருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.
– பேர் போடவேண்டாம், வாலாஜாபேட்டை

பேர் போடல. ஆனா அவரும் இந்தப் புக்கத்தான் படிக்கிறாரு, அதுக்கு நான் பொறுப்பில்ல.

கணக்கு சுலபம். தண்ணி மட்டத்துல படகோட நீளம், அகலம், அடி எவ்ளோ ஆழம் இறங்குது, இந்த மூணும் மீட்டர்ல எடுங்க. அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி நீளத்தால பெருக்குங்க. கீல்ங்கறது படகோட அடியில முதுகெலும்பு மாதிரி இருக்கறது; உங்களுது மாதிரி துடுப்பு போல தனியா தொங்கற ஃபின் கீல்னா வந்ததுல பாதி, முழுநீளத்துக்கும் கீல் இருந்தா முக்கால். 24 அடிப் படகுக்கு தண்ணி மட்ட நீளம் 6.2, அகலம் 2.5, ஆழம் 1.2ன்னு வெச்சிக்குங்க, 3.7ஐ 6.2ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 23, பாதி பதினொன்றரை சதுர மீட்டர். ரெண்டு கோட்டுக்கு 23. ஒரு லிட்டர் பத்து சதுர மீட்டர் வரும்னு டின்ல எழுதியிருந்தாலும், சொரசொரப்பான பழைய அடியில ரோலர்ல உருட்டினா எட்டுதான் வரும்னு எடுத்துக்குங்க. ஆக மூணு லிட்டர். அஞ்சு அதிகம். சண்டைய தீத்துட்டேன்.

மிச்சம் புடிக்கிறேன்னு ரெண்டு லிட்டரை தண்ணி மாதிரி தின்னர் ஊத்தி இழுக்காதீங்க. பெயிண்ட் எவ்ளோ தடிமனோ அவ்ளோ நாள்தான் அது வரும். தண்ணி மட்டக் கோடு, கீலோட முன்விளிம்பு, சுக்கானோட முன்விளிம்பு, இங்கெல்லாம் சீக்கிரம் தேயும், மீந்ததை மூணாவது கோட்டா அங்க அடிச்சிடுங்க. இன்னொண்ணு, முதல் கோட்டை வேற கலர்ல அடிங்க, உதாரணத்துக்கு அடியில சிவப்பு, மேல நீலம். நாளைக்கு அங்கங்க சிவப்பு தெரிய ஆரம்பிச்சா மறுபடி அடிக்கிற நேரம் வந்துச்சுன்னு அர்த்தம், யாரையும் கேக்க வேண்டியதில்ல.

டின்னைத் தொறந்ததும் மேல தண்ணியா மினுக்குனு இருக்கும், அடியில ஈயம் மாதிரி கனமா ஒரு சேறு உக்காந்திருக்கும், அந்தச் சேறுதான் செம்பு, நீங்க குடுத்த துட்டு பூரா அதுலதான் இருக்குது. குச்சிய வெச்சு சும்மா ரெண்டு சுத்து சுத்திட்டு அடிச்சீங்கன்னா முதல் பாதிப் படகுக்கு வெறும் பிசின், கடைசிப் பாதிக்கு பூரா செம்பு. மேல இருக்கறத பாதி வேற டப்பாவுல ஊத்திட்டு, அடிச்சேற்றை நல்லா கொழப்பி, ஊத்தினத கொஞ்சம் கொஞ்சமா திரும்பச் சேருங்க. கை வலிக்கும், வலிக்கணும். அடிச்சிக்கினு இருக்கும்போதும் நடுநடுவுல கலக்குங்க.

எதுமேல அடிக்கக்கூடாதுன்னும் சொல்லிடறேன். அடியில துத்தநாகக் கட்டி ஒண்ணு போல்ட்டு போட்டு மாட்டியிருக்கும், ஆனோடு. அது தன்னை அரிக்கக் குடுத்து மத்த உலோகத்தைக் காப்பாத்தறது, அது மேல பெயிண்ட் பட்டா அதால வேலை செய்ய முடியாது. டேப் ஒட்டி மூடிட்டு அடிங்க, டேப்பை எடுக்க மறந்துடாதீங்க.

ஐயா, என் பையன் வளைகுடாவுல படகு ரிப்பேர் பண்ற இடத்துல இருக்கான். போட் அடியில பழைய பெயிண்ட மெஷின் போட்டுத் தேய்க்கற வேலைன்றான். வீடியோ கால்ல பாத்தா மொகமெல்லாம் செவப்பா பவுடர் அப்பியிருக்கு, மூக்கு சிந்தினா செவப்பா வருதும்மான்றான். பயமா இருக்குதுங்க. இது ஒடம்புக்கு ஆவுமா?
– ஒரு அம்மா, குடியாத்தம்

ஆவாதும்மா. நீங்க பயந்ததுதான் சரி.

அந்த பெயிண்ட் உயிரைக் கொல்றதுக்குன்னே செஞ்சது, அதுல செம்பும் வேற பூச்சிக்கொல்லி மாதிரி மருந்தும் இருக்கு. கட்டியா ஒட்டிக்கினு இருக்கிற வரைக்கும் மனுசனுக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது. மெஷின் போட்டு காஞ்சமேனிக்கு தேச்சு மாவாக்கினா நேரா நுரையீரலுக்குப் போவுது. மூக்குல செவப்பா வருதுன்னா மாஸ்க் இல்லாம, இல்ல துணி மாஸ்க் கட்டிக்கினு செய்யறான்னு அர்த்தம். ஜலதோஷத்துக்குப் போடற நீல மாஸ்க்கும் இதுக்கு ஆவாது. ரப்பர்ல மூக்கையும் வாயையும் இறுக்கமா மூடற மாஸ்க், ரெண்டு பக்கமும் ஃபில்டர் டப்பா வெச்சது, அதுல தூசிக்கு பி100 ஃபில்டர், பெயிண்ட் அடிக்கும்போது ஆவிக்குத் தனி கார்ட்ரிட்ஜ். தாடி வெச்சிருந்தான்னா எடுக்கச் சொல்லுங்க, தாடி இருந்தா அந்த மாஸ்க் ஒட்டாது, ஓரத்துல தூசி பூந்துடும். கண்ணுக்குக் கண்ணாடி, ஒடம்புக்கு முழு கவர், கைக்கு கிளவுஸ்.

அதை விட முக்கியம், தண்ணி விட்டுத் தேய்க்கணும். ஈர உப்புத்தாள்ல தேச்சா தூசியே பறக்காது. மெஷின்தான் வேணும்னா தூசிய உறிஞ்சற வேக்குவம் சேத்து வர்ற மெஷின் இருக்குது, வேலை குடுக்கறவங்க அதைத்தான் வாங்கித் தரணும். இவன் வாய் தொறந்து கேக்கணும். வேலை முடிஞ்ச துணிய ரூமுக்குக் கொண்டுபோய் மத்தவங்க துணியோட ஊறவெக்கக் கூடாது, கைகழுவாம பீடி சிகரெட் தொடக்கூடாது, சாப்பாட்டுக்கு முன்னாடி மூஞ்சியும் கையும் சோப்பு போட்டுக் கழுவணும். இப்பவே இருமல், நெஞ்சு எரிச்சல், மூச்சு வாங்கறதுன்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க, போகும்போது பெயிண்ட் டின்னோட லேபிளை போட்டோ எடுத்துக்கினு போகச் சொல்லுங்க, எந்த மருந்து உள்ள போயிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்.

நம்ம ஊர்ல தோல் தொட்டியில எறங்கி வேலை செஞ்சவங்க கையைப் பாத்தவங்க நாம. துட்டு வருதேன்னு இதுல பேசாம இருக்காதீங்கம்மா.

காவேரிப்பாக்கம் ஏரியில மீன் புடிக்க சின்ன ஃபைபர் படகு வெச்சிருக்கேன். அடியில பச்சையா வழவழன்னு புடிக்குது. இந்தப் பெயிண்ட அடிக்கலாமா?
– கே.எம்., காவேரிப்பாக்கம்

வேணாம்ங்க. கொட்டலசு கடல்ல இருக்கிறது, ஏரிக்கு வராது. உங்களுக்கு வர்றது வெறும் பாசி, வாரத்துக்கு ஒருநாள் கரையில இழுத்துக் கவுத்துப் போட்டு வெயில்ல காயவிட்டு தென்னை நார்ல ஒரு தேய் தேயுங்க, போயிடும். நீங்க அடிக்கிற செம்பு அதே ஏரியிலதான் கரையும், அதே ஏரி மீனைத்தான் நீங்க புடிக்கப் போறீங்க, மீனுக்கு செம்பு ஆவாது. ஏலகிரியில, வேற ஏரிகள்ல பெடல் போட் ஓட்டறவங்களுக்கும் இதே பதில்தான். கடல்லயே கூட ஆப்டிமிஸ்ட், லேசர் மாதிரி சின்னப் பாய்மரப் படகுகளுக்கு இந்தப் பெயிண்ட் கிடையாது, ஓட்டி முடிச்சதும் கரையேத்தி நல்ல தண்ணியில கழுவி வெச்சிடுவாங்க. எந்நேரமும் தண்ணியில கெடக்கிறதுக்குத்தான் இந்தச் செலவு.

அண்ணா, நான் காட்பாடியில இன்ஜினியரிங் படிக்கறேன். பெயிண்ட்ல மிளகாய்த்தூள் கலந்து அடிச்சா பார்னக்கிள் ஒட்டாதுன்னு படிச்சேன். நம்ம ஊர் குண்டு மிளகாய் போட்டா இன்னும் நல்லா வேலை செய்யுமா? ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கோம்.
– ஒரு மாணவர், காட்பாடி

ப்ராஜெக்ட்டுக்கு நல்ல ஐடியா தம்பி, படகுக்கு இல்ல. வெளிநாட்டுலயும் காலங்காலமா கலக்கிக்கினுதான் இருக்காங்க. மிளகாயோட காரத்துக்குக் காரணமான கேப்சைசினை இதுக்குப் பயன்படுத்த முடியுமான்னு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. ஆனா கிச்சன்ல இருந்து தூளை எடுத்துக் கொட்டினா காரம் கொஞ்ச நாள்லயே கடல்ல போயிடும், தூள் மட்டும் பெயிண்ட்ல மணல் மாதிரி நின்னு அந்தந்த எடத்துல ஓட்டை விடும். ப்ராஜெக்ட் பண்றதா இருந்தா ஒரே அளவு ஃபைபர் தகடு சில வெட்டி, ஒண்ணுல பெயிண்டே இல்லாம, ஒண்ணுல சாதா பெயிண்ட், ஒண்ணுல கலந்த பெயிண்ட்னு கடல்ல ஒரே ஆழத்துல கட்டித் தொங்கவிட்டு வாராவாரம் போட்டோ எடுங்க. முதல்ல பாக்டீரியா படலம், அப்புறம் பாசி, அதுக்கு அப்புறம் கொட்டலசோட லார்வான்னு வரிசையா வந்து உக்கார்றது தெரியும். கொட்டலசு சிப்பி ஜாதி இல்ல, இறால் நண்டு வகையறா, தலைய ஒட்டவெச்சிக்கினு கால்ல அள்ளித் திங்கறது. சுரண்டி எடுத்தாலும் வெள்ளையா ஒரு வட்டத் தழும்பை விட்டுட்டுதான் போவும், அந்தத் தழும்பை எடுக்காம மேல பெயிண்ட் அடிச்சா அந்த எடம் நிக்காது. உங்க தகட்டுல அதையும் பாத்து எழுதுங்க.

அலுமினியப் படகுக்கும் செம்பு பெயிண்ட் அடிக்கலாமா? கெமிஸ்ட்ரி டீச்சர்ங்கற முறையில எனக்கு சந்தேகமா இருக்கு.
– எஸ்.பி., ஆம்பூர்

டீச்சர், உங்க சந்தேகத்துக்கு நூத்துக்கு நூறு. உப்புத்தண்ணியில செம்பும் அலுமினியமும் சேந்தா பேட்டரிதான், அலுமினியம் ஓட்டை விழும். செம்போட சேந்தா இரும்புக்கும் இதே கதிதான். 1761ல அலார்ம்னு ஒரு இங்கிலீஷ் போர்க்கப்பலுக்கு முதல்முதலா அடி பூரா செப்புத்தகடு அடிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா இரும்பு ஆணியெல்லாம் அரிச்சுப் போயிருந்துச்சு. செப்புத்தகடு சுத்தி வந்த காகிதம் பிரிக்காம ஒட்டிக்கினு இருந்த எடத்துல மட்டும் ஆணி நல்லா இருந்துச்சாம், பசங்களுக்குச் சொல்ல நல்ல கதை. அலுமினியத்துக்கு குப்ரஸ் ஆக்சைடுங்கற செம்பு வகை போட்ட சாதா பெயிண்ட் கூடவே கூடாது. செம்பே இல்லாதது, இல்லன்னா அலுமினியத்துக்கு ஆகும்னு டின்லயே போட்டிருக்கிற குப்ரஸ் தயோசயனேட் வகை, அதுவும் அடியில எப்பாக்ஸி பிரைமர் முழுசா மூடின பிறகு.

ஒருத்தர் கப்பலுக்கு அடிக்கற பழைய ஸ்டாக் பெயிண்ட், தகரம் கலந்தது, ரொம்ப பவர்னு கம்மி வெலைக்குத் தர்றேன்றாரு. வாங்கலாமா?
– என்.ஜே., வாணியம்பாடி

வாங்காதீங்க. தகரம்னு அவரு சொல்றது ட்ரைபியூட்டைல் டின்ங்கற தகர ரசாயனம். பவர்ங்கறது நெசம்தான், அதுதான் கேடே. 1970களோட கடைசியில பிரான்ஸ்ல ஆர்காஷோன் விரிகுடாவுல சிப்பி வளக்கிறவங்க பொழப்பே போச்சு, ஓடு தடிச்சு கோணிக்கினு, குஞ்சு உருவாவாம. காரணம் அங்க நின்ன படகுங்களோட பெயிண்ட். 1982ல 25 மீட்டருக்குக் கொறைஞ்ச படகுக்கு அதை அடிக்கக்கூடாதுன்னு அங்க தடை போட்டாங்க. நத்தைங்கள்ல பொட்டைக்கு ஆண் உறுப்பு வளர்ற அளவுக்குப் போச்சு. 2001ல சர்வதேச ஒப்பந்தம் போட்டு, 2008 செப்டம்பர்ல அது அமலுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் கப்பலுக்கே கூடாதுன்னு ஆயிடுச்சு. 2023ல இருந்து சைபுட்ரின்ங்கற இன்னொரு மருந்தும் அந்தப் பட்டியல்ல. அதனால பழைய ஸ்டாக்னாலே டின்னைத் திருப்பிப் படிங்க.

பாலாத்தங்கரையில இருந்துக்கினு இதை நான் வெலாவாரியா சொல்லணுமா? 1996ல சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவன்தான் காசு குடுத்து சரிபண்ணணும்னு தீர்ப்பு சொன்னது நம்ம வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு கேஸ்லதான். கழுவிவிட்ட பெயிண்ட் தண்ணியும் அதே கணக்குதான், தேச்ச சேறைத் தார்ப்பாய் விரிச்சுப் புடிச்சு தனியா மூட்டை கட்டணும், துறைமுகத் தரையில ஹோஸ் போட்டு அடிச்சு கடலுக்குத் தள்ளக் கூடாது.

கரையற பெயிண்ட் அடிச்ச படகை எப்படிக் கழுவறது?
– டி.வி., ஆரணி

பஞ்சோ மெத்துனு துணியோ வெச்சு லேசா. கம்பி பிரஷ் போட்டா பாசியோட பெயிண்டும் போயிடும். முடிஞ்சா கழுவறத விட்டுட்டு படகை எடுத்து ஓட்டுங்க, ரெண்டு மணி நேரம் நல்ல காத்துல ஓடினா பாதிப் பாசி தானா கழண்டுடும்.

வணக்கம் சார். மச்சான் சென்னையில போட் வேலை பண்றாரு, மீந்த பெயிண்ட் அரை டின் குடுத்தாரு. வீட்டு சம்ப்புல பாசி புடிச்சிக்கினே இருக்குது, உள்ள ரெண்டு கோட் அடிச்சா புடிக்காதுல்ல?
– எம்.எல்., குடியாத்தம்

பாசி புடிக்காது. அந்தத் தண்ணிய நீங்களும் குடிக்க முடியாது.

சம்ப்புக்கோ, சின்டெக்ஸுக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ, மீன் தொட்டிக்கோ, ஒரு துளி கூட வேணாம். மூடிய இறுக்கி, பசங்க கைக்கு எட்டாம, வெயில் படாத எடத்துல வெச்சிருந்து மச்சான் வரும்போது திருப்பிக் குடுத்துடுங்க, தேதி தாண்டலன்னா அவரு அடுத்த படகுக்கு ஒட்டுப்போட எடுத்துக்குவாரு. சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. சம்ப்புல பாசி புடிக்கிறதுக்குக் காரணம் வெளிச்சம், மூடி எங்கயோ ஒடஞ்சிருக்கும், அதை மாத்துங்க.